முந்தி வந்த கத்தல்

என் வயிற்றுக்குள் மண்ணீரல் என்று ஒன்று இருந்த விஷயமே அதை வெட்டி எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்கி, ரத்தம் ஊறட்டும் என்று மகளுக்கு மிளகு தட்டிப்போட்டு வதக்கிக் கொடுப்பேனே, அதேதான். மனுஷருக்கும் அது இடது விலாவுக்கு அடியில் ஒளிந்திருக்கிறதாம். என்னுடையது கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று உடைந்தது. மைதானத்தில் விளையாடியவர்கள் எல்லோரும் கை கால் சுகத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். டிவி பார்த்த நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சந்துக்குள் ஆளுக்கொரு கதையும் சுற்றுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். என் மகள் கவிதா மாட்டுங்காவில் காலேஜ் படிக்கிறவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மெதுவாகவே படிக்கட்டும், அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

தாராவியில் எங்கள் சந்தில் என் வீட்டுக்காரர் தங்கராசு பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த சந்தில், என் கூடப்பிறந்த தம்பி இசக்கி குடியிருக்கிறான். இரண்டு சந்திலும் திருநெல்வேலிப் பக்கத்து ஜனம்தான். கோயில் கொடை வந்தால் ஒரே பந்தலில் சாப்பிடுவோம், சாவு விழுந்தால் சேர்ந்து அழுவோம். கிரிக்கெட் வந்தால் மட்டும் எந்தச் சந்து டிவி பெரிசு என்று முறைத்துக்கொள்வோம். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் சுவரை மறைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கிவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டம் என்றால் சந்துப் பையன்களின் மட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டிவிக்குக் கீழே சாமி மாதிரி சாத்திவைப்போம். சூடம் காட்டித் தேங்காய் உடைத்த பிறகுதான் டிவியைப் போடுவோம். அன்றைக்குச் சூடம் காட்டியது நான்தான். என்னைப் பிளக்கப்போகிற மட்டைக்கு நானே பொட்டு வைத்தேன்.

காலையிலிருந்தே டிவிக்காரர்கள் யுத்தம், யுத்தம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கோட்டு போட்ட நாலு பேர் மேஜையைத் தட்டி, இன்றைக்குப் பழி தீர்க்கும் நாள் என்றார்கள். நடுவில் பீரங்கிச் சத்தம் போட்டு ஒரு விளம்பரம். அவர்களுக்கு அது பிழைப்பு, சாயங்காலம் மேக்கப்பைக் கலைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் நிஜம் என்று நம்பிவிட்டார்கள்.

சனியன் டிவி வழியாகவே வந்தது. என் வீட்டுக்காரர் கேபிளை வெட்டிவிட்டு, இன்டர்நெட்டில் வருகிற ஆப்பில் போட்டிருந்தார். தம்பி வீட்டில் கூரைமேல் தட்டு வைத்த பழைய டிஷ். எங்கள் டிவியில் பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் கத்தல் வந்துவிடும். அவுட்டா, சிக்ஸரா என்று அந்தக் கத்தலை வைத்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

"அப்பா, நெட்ல வந்தா லேட்டாத்தான் வரும். அவங்க மேல என்ன தப்பு?" என்றாள் கவிதா.

"வாய மூடு. வேணும்னே செய்தானுவ," என்றார் இவர். அதற்குள் பீர் உள்ளே போயிருந்தது.

என் தம்பியும் சும்மா இருக்கிற பிறவி இல்லை. நம் ஆட்கள் மட்டை பிடிக்க ஆரம்பித்ததும் சந்து முனையில் வந்து நின்றுகொண்டான். அங்கே விக்கெட் விழுந்தால் ஓடிவந்து, எங்கள் டிவியில் பந்து வீசப்படும் முன்னாலேயே, அம்பயர் மாதிரி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவான். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை செருப்பு பறந்தது. மூன்றாவது தடவை, நாடே நம்பியிருந்த ஆட்டக்காரர் களத்தில் நிற்க, எங்கள் சந்து முழுக்க "அடிறா, அடிறா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, இவன் வந்து விரலைத் தூக்கினான்.

"என்ன அத்தான், உங்க பெரிய டிவில இன்னும் ஆடிட்டா இருக்கான்?"

இவர் எழுந்ததை நான் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி தம்பி முகத்தில் விழுந்ததையும் பார்த்தேன். மூக்கு உடைந்து ரத்தம் அவன் நீல பனியனில் கொட்டியது. அவன் கூட வந்தவர்கள் பாய்ந்தார்கள், எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். காலி பாட்டில் சுவரில் உடைந்தது. ஒருவன் தலையைச் சாக்கடை மூடியில் வைத்து இன்னொருவன் இடித்தான். யாரை யார் அடிக்கிறார்கள் என்றே இல்லை, கைக்கு எட்டியதை அடித்தார்கள். கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் எல்லோரும். "பஸ் கரோ, பஸ் கரோ" என்று இந்தியில் நிறுத்தச் சொல்லிக் கவிதா கத்தியது யார் காதிலும் விழவில்லை.

நான் தம்பியைக் கட்டிப்பிடித்து இழுத்துப் போகப் பார்த்தேன். அவன் பனியனில் முகம் பதிந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அப்போது இடது விலாவில் ஒரு அடி விழுந்தது. மூச்சு நின்றுவிட்டது. கண் திறந்தபோது நாற்காலிகளுக்கு நடுவில் தரையில் கிடந்தேன். தம்பி கையில் மட்டை இருந்தது.

"பாருங்கடா, கூடப்பிறந்த அக்காவையே அடிச்சுப்போட்டான்!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அத்தனை பேரும் சேர்ந்து தம்பியை மிதித்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள். டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பட்டறைக்கு மேலே இருக்கிற எங்கள் அறைக்கு இரும்பு ஏணியில் ஏற முடியவில்லை, கீழேயே பாய் விரித்தார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவினார்.

"இங்க பாரு ஏளா, போலீஸ் கேஸுன்னு ஆச்சுன்னா உன் தம்பி துபாய் போறது போச்சு. பாஸ்போர்ட்ட முடக்கிருவானுவ. ஏணில இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிரு. எனக்கும் அவன் மேல கோவந்தான். ஆனா உனக்காகப் பாக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தம்பி என்னை அடித்தும், அவனைக் காப்பாற்ற நினைக்கிறாரே என்று உருகிப்போனேன். எங்கள் பக்கத்தில் அடிபட்ட பொம்பளைகள் எல்லோருமே ஏணியில் இருந்து விழுந்தவர்கள்தான். நானும் சரி என்றேன்.

அன்று ராத்திரியே தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனார். வலி அப்போது விலாவை விட்டு இடது தோள்பட்டைக்கு ஏறியிருந்தது. டாக்டர், "வயித்துல எங்கயாவது பட்டுச்சா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறக்குமுன் இவர், "இல்ல டாக்டர், தோள்லதான் மோதி விழுந்தா," என்றார். தோளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு உடையவில்லை. தேய்க்க ஒரு மருந்தும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாளெல்லாம் இவர் என் தோளில் மருந்து தேய்த்தார். அவ்வளவு பதமாகத் தேய்த்தார்.

ஆட்டம் நடந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில் பால் காய்ச்ச எழுந்தேன். அடுப்பு, சுவர், கவிதா எல்லாம் வெள்ளையாகிப்போனது. பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு டாக்ஸியின் கூரைதான்.

பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் என்னை ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். அங்கே பக்கத்தில் தலையில் கட்டோடு ஒருவன், கை ஒடிந்த ஒருவன். நர்ஸ் அலுப்பாக, "எல்லாம் ஃபைனல் கேஸ். கட்டு மாத்த வந்திருக்காங்க," என்றார். காத்திருக்கும் இடத்தில் மாட்டியிருந்த டிவியில் அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே பந்து, அதே அவுட். தலையில் கட்டு போட்டவன் அதையும் எட்டிப்பார்த்தான். நாம் தோற்றிருந்தோம். எனக்கு அப்போதுதான் அது தெரியும்.

வயிற்றில் ஜெல் தடவி சோனோகிராபி எடுத்தார்கள். திரையைப் பார்த்த பெண் டாக்டரின் முகம் மாறியது. செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் அவர். "வயிறு பூரா ரத்தம் நிக்கறது. உடனே தியேட்டருக்குப் போகணும்," என்றார். மண்ணீரல் ரத்தத்தைச் சலித்துச் சுத்தம் செய்கிற பை. அடிபட்டால் சில சமயம் உடனே கிழியாதாம். அதைச் சுற்றியிருக்கிற மெல்லிய தோலுக்குள்ளேயே ரத்தம் தேங்கி, ஓரிரு நாள் கழித்து வெடிக்குமாம். அதிலிருந்து கசிகிற ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசைத் திரையில் பட்டால் வலி தோளில் தெரியுமாம். வயிற்றில் அடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் டாக்டரே கண்டுபிடித்திருப்பார்.

ரத்தம் ஏற்றினார்கள். பதிலுக்கு ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்களைக் கேட்டார்கள். முகமெல்லாம் வீங்கிப்போன என் தம்பிதான் முதலில் ஓடிவந்தானாம். கையில் உலகக் கோப்பையைப் புதிதாகப் பச்சை குத்தியிருந்ததால், புதுப் பச்சை குத்தினவர் கொடுக்கக் கூடாது என்று திருப்பிவிட்டார்கள். வாசலிலேயே உட்கார்ந்து அழுதானாம். "அடிக்கதையும் அடிச்சிட்டு நடிக்கானா?" என்று என் வீட்டுக்காரர் அவனைப் பிடித்துத் தள்ள, செக்யூரிட்டி வந்து பிரித்திருக்கிறார்கள். என் வயிறு திறந்து கிடந்த நேரத்தில் வெளியே இது நடந்திருக்கிறது.

கண் விழித்தபோது தொண்டையில் குழாய், மூக்கில் குழாய், வயிற்றின் பக்கவாட்டில் கெட்ட நீர் வடிய ஒரு குழாய். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை தையல். இருமினால் உயிர் போகும். இரும வேண்டும் என்றும் சொன்னார்கள், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டுமாம். தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு இருமுவேன், கெட்ட வார்த்தை தானாக வரும். மலையாள சிஸ்டர், "நல்லா திட்டிக்கோ அம்மா, சளி வரும்," என்பார். மண்ணீரல் இல்லாதவர்களுக்குச் சில கிருமிகளோடு சண்டை போடும் பலம் குறைவாம். அதற்குத் தடுப்பூசிகள் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஓடிவர வேண்டும். ஆயுசுக்கும் இது இருக்கிறது.

வார்டுக்கு மாற்றியதும் என் வீட்டுக்காரர் கிட்டேயே இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டுவார். சாத்துக்குடியை இங்கே மோசம்பி என்பார்கள், அதைப் பிழிந்து தருவார். என் காலை மடியில் வைத்துப் பிடித்துவிடுவார். வெளியில் வாங்கும் மருந்துக்கு யாரிடமும் கை நீட்டாமல் அலைந்தார். பக்கத்துப் படுக்கை மராட்டிப் பெண், இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தம்பியை அவர் வார்டுக்குள் விடவில்லை. ஒரு நாள் கவிதாவின் போனில் அவன் பேசினான்.

"அக்கா, நான்தான் அடிச்சேனான்னு எனக்கே தெரியலக்கா. கண்ணுல ரத்தம். மட்ட என் கைலதான இருந்துச்சு. அப்போ நானாத்தான இருக்கும்?"

"ஏலே, போனாப் போவுது. தெரிஞ்சா செய்தே," என்றேன். அவன் அழுதான். பக்கத்தில் நின்ற கவிதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் ஹவல்தார் ஒருவர் வாக்குமூலம் வாங்க வந்தார். "மாவ்ஷி, எப்படி விழுந்தீங்க?" என்று, மராட்டியில் சித்தி முறை வைத்து, இந்தியில் கேட்டார். ஏணி, ஈரக் கால், வழுக்கல் என்று நான் வரிசையாகச் சொன்னேன். இவர் மோசம்பி உரித்துக்கொண்டே தலையாட்டினார். ஹவல்தார் எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் கையெழுத்துக்கு வருவதாகச் சொல்லிப் போனார். அவருக்குப் பின்னால் காயம் பார்க்க வந்த செம்பூர் டாக்டர் என் விலாவில் இருந்த கன்றிப்போன தடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏணிலேர்ந்து விழுந்தா இவ்ளோ பட்டையா, நேரா ஒரு கோடு விழாதும்மா. யோசிச்சுக்கோங்கோ," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் இவர் சாப்பிடப் போனதும் கவிதா என் கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் கல்லாக இருந்தது.

"அம்மா, நீ அந்த ஏணிக் கதைய இன்னொரு தடவ சொன்னா நான் பைத்தியமாயிருவேன்."

"உன் மாமனுக்காகத்தாண்டி."

"மாமா அடிக்கல."

சண்டையை எங்கள் சந்துப் பிள்ளைகள் போனில் எடுத்திருந்தார்கள். சந்து முழுக்கச் சுற்றியது தம்பி மட்டையோடு நிற்கிற துண்டுதான். டிவிக்காரர்கள் செய்கிற மாதிரியே அதை நிறுத்தி, மெதுவாக ஓட்டி, ஆளுக்கு ஆள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். மாடியிலிருந்து ஒரு பெண் எடுத்தது முழுசாக இருந்தது. அதைக் கவிதாவுக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். இரண்டு நாளாக என் மகள் அதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாள்.

பார்த்தேன். நான் தம்பியைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். பின்னால் டிவியின் அடியிலிருந்து என் வீட்டுக்காரர் மட்டையை உருவுகிறார். மாலை அறுந்து விழுகிறது. இரண்டு கையாலும் ஓங்கி வீசுகிறார். நான் தம்பியைச் சுற்றித் திருப்புகிறேன், அவன் இடுப்புக்கு வந்தது என் விலாவில் விழுகிறது. நான் சரிகிறேன். அவர் ஒரு நிமிஷம்கூடக் குனிந்து பார்க்கவில்லை. மட்டையைத் தம்பியின் காலடியில் போடுகிறார். முகத்தைத் துடைத்துக்கொண்டு தடுமாறுகிற அவன் அதை எடுக்கிறான். அப்போதுதான் இவர் கத்துகிறார், கூடப்பிறந்த அக்காவையே அடிச்சுப்போட்டான் என்று. அந்தக் கூட்டத்திலும் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பி டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுந்து உட்காரப் பார்த்தேன். தையல் பிய்ந்துவிடும்போல் வலித்தது. அடித்ததை நான் மன்னித்திருப்பேன், சத்தியமாக. அது எனக்கு வைத்த அடி இல்லை. ஆனால் என் தம்பி தலையில் அதைப் போட்டாரே. நான் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தபோது, வயிற்றில் அடி இல்லை டாக்டர் என்று எனக்கு முந்திப் பதில் சொன்னாரே. எங்கே பட்டது என்று தெரிந்துகொண்டே தோளில் மருந்து தேய்த்தாரே. அதை எந்தச் சாமிக்குச் சூடம் காட்டி மறப்பது?

மறுநாள் ஹவல்தார் வந்தபோது என் வீட்டுக்காரரும் இருந்தார். கையில் பாதி உரித்த மோசம்பி. ஹவல்தார் காகிதத்தை என் பக்கம் நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சாப்," என்றேன். "நான் ஏணில இருந்து விழல. மட்டையால அடிபட்டேன்."

"யார் அடிச்சது?"

"அந்தா நிக்காரே, அவருதான்."

மோசம்பி கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. "ஆப்பரேஷன் மயக்கம் சாப், இவளுக்குப் புத்தி சரியில்ல," என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "ஏட்டி, இருபத்தஞ்சு வருஷம் சோறு போட்டவன் நான். உன்ன அங்கயே சாக விட்டிருக்கணும்."

"விடத்தான செஞ்சீங்க," என்றேன்.

அவர் என்மேல் கையை ஓங்கினார். நடுவில் என் மகள் வந்து நின்றாள். ஹவல்தார் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிச் சுவரோடு சாய்த்தார். கவிதா போனை எடுத்து நீட்டினாள். செம்பூர் டாக்டர் வந்து, எனக்கு நல்ல நினைவு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வார்டே வேடிக்கை பார்த்தது. சிஸ்டர் ஒரு கம்பளியைப் போர்த்தி, தையலைப் பார்த்து, பிரியவில்லை என்று சொன்னார்.

டிஸ்சார்ஜ் ஆனதும் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். கவிதாவும் கூட வந்துவிட்டாள். கேஸ் நடக்கிறது, அவர் ஜாமீனில் வந்து பட்டறையைத் திறந்திருக்கிறார். எங்கள் சந்துக்காரர்கள் பாதிப் பேர் என்னிடம் பேசுவதில்லை, புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். தம்பியின் துபாய் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவன் என் முன்னால் மூக்கைத் தடவிக்கொண்டே, "நான் அந்த வெரலத் தூக்கியிருக்கக் கூடாதுக்கா," என்பான். "தூக்கியிருக்கக் கூடாதுதான்," என்பேன் நானும்.

போன வாரம் இன்னொரு பெரிய போட்டி ஆரம்பித்தது. மறுபடியும் அந்தக் கோட்டு போட்டவர்கள், மறுபடியும் யுத்தம். நான் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு படுத்தபடியே பார்த்தேன். நம் ஆள் தூக்கி அடித்தான், எல்லைக்கோட்டில் பிடித்துவிட்டார்கள். தம்பி எனக்காக வாயைக் கையால் பொத்திக்கொண்டான், சந்து முனைக்கும் போகவில்லை. அந்த அமைதியில் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டது. அத்தனை குரல்களுக்கு நடுவே அவர் குரல் எனக்குத் தனியாகத் தெரிந்தது. கோபம் வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"டிவிய அமத்திரவா மதினி?" என்று தம்பி பெண்டாட்டி கேட்டாள். வேண்டாம் என்றேன். தம்பி வீட்டு டிஷ் டிவியில் அந்த ஆட்டக்காரன் அவுட்டாகி, தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்க ஆரம்பித்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் அப்போதும் "அடிறா, அடிறா" என்று கத்திக்கொண்டிருந்தார்.